பூச்சியத்தில் நின்ற பிறஷர்

என் வாழ்க்கையில் மிக நீண்ட நாட்கள் யோசித்து நான் எடுத்த முடிவு கலியாணத்தைப் பற்றியதல்ல. காருக்குப் பூட்டும் ஓயில் பிறஷர் கேஜைப் பற்றியது. பதினேழு நாட்கள் யோசித்தேன். (கலியாணத்துக்கு நாலு நிமிடம். சுபா சிரித்தாள், முடிந்தது.)

நாட்களை எண்ணிச் சொல்ல முடிவது ஏனென்றால், நான் எதையும் தேதியிட்டு எழுதி வைப்பவன். டயர் மாற்றிய நாள், கடைவாய்ப் பல் பிடுங்கிய நாள், பக்கத்து வீட்டுக்காரர் ஏணியை இரவல் கொண்டுபோன நாள் எல்லாம் என்னிடம் உண்டு. இந்தச் சம்பவத்தின் தேதியும் உண்டு. அதை இங்கே எழுதினால் நீங்கள் சுபாவின் வயதைக் கணக்குப் பார்த்துவிடுவீர்கள். ஆகவே, ஒரு மார்ச் மாதத்துச் சனிக்கிழமை என்று மட்டும் சொல்கிறேன்.

அப்போது நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில், ஓர் அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் இருந்தேன். சுபா வீட்டார் வடக்கே, ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் புது வீடு வாங்கிப் போயிருந்தார்கள். எங்கள் விடயத்தில் அவளுடைய தாய்க்குப் பாதிச் சம்மதம். தகப்பன் சிவபாதம் அங்கிள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடைசியில் சுபா மூலமாக ஒரு செய்தி வந்தது.

"எனக்கு ஸ்காபரோவிலை கண்ணாடி எடுக்கவேணும். அந்தப் பொடியனை வந்து ஏத்திக்கொண்டு போகச் சொல்லு. ஒருத்தன் கார் ஓடுறதிலை ஆளைப் பிடிச்சிடலாம்."

அதாவது பரீட்சை. இரண்டாம் தரம் எழுத முடியாத பரீட்சை.

என் கார் என்னைவிட ஆறு வயதுதான் இளையது. அதன் ஓயில் லைட் சில நாட்களாகச் சிவப்பாகக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்குள் எண்ணெய் போதிய அழுத்தத்தோடு சுற்றாவிட்டால் எஞ்சின் நடுரோட்டில் இறுகிவிடும். அங்கிள் பக்கத்தில் இருக்கும்போது அது நடந்தால் என் கலியாணமும் சேர்ந்து இறுகிவிடும். லைட் ஆபத்து வந்த பிறகுதான் எரியும். அழுத்தம் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல ஒரு கேஜ் வேண்டும். அதில் இரண்டு வகை. மெக்கானிக்கல் என்றால், எஞ்சினிலிருந்து மெல்லிய குழாய் வழியாக எண்ணெயே காருக்குள் வந்து ஊசியைத் தள்ளும். எலெக்ட்ரிக் என்றால், எஞ்சினில் ஒரு சென்சர். அதிலிருந்து வயர் மட்டும் உள்ளே வரும்.

ஸ்காபரோவில் கராஜ் வைத்திருந்த நஸீர் நானாவிடம் போய்க் கேட்டேன்.

"மெக்கானிக்கலப் போடுங்க தம்பி. அது எண்ணெயத் தொட்டுப் பாத்துச் சொல்ற சாமான். மத்தது ஆரோ சொன்னதக் கேட்டுச் சொல்றது."

"குழாய் வெடிச்சால் நானா?"

"வெடிச்சா, பக்கத்துல ஈக்கிறவர்ட கால்ல ஊத்தும்."

பக்கத்தில் இருக்கப்போகிறவரை நினைத்துப் பார்த்தேன். மடிப்புக் குலையாத காற்சட்டை. அதன் மேல் கொதிக்கும் எண்ணெய். கேஜ் பொய் சொன்னாலும் பரவாயில்லை, துப்பக்கூடாது என்று பதினேழாம் நாள் முடிவெடுத்தேன். எலெக்ட்ரிக்.

நானே பூட்டினேன். (இந்த இரண்டு சொற்களில்தான் முழு அழிவும் இருக்கிறது.) பழைய லைட்டின் சுவிட்சைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சென்சரைப் பொருத்தினேன். எண்ணெய் கசியக்கூடாதே என்று, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை அதன் புரியில் ஏழு சுற்றுச் சுற்றினேன். சென்சர் வேலை செய்வதற்கு அதன் உலோகம் எஞ்சின் உலோகத்தைத் தொடவேண்டும் என்பது கையேட்டில் இருந்தது. நான் படிக்காத ஒரே பக்கத்தில்.

சனிக்கிழமை சுபா வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அங்கிள் வந்து ஏறினார். பெல்ட்டைப் போட்டுவிட்டு டாஷ்போர்டைப் பார்த்தார்.

"உதென்ன தம்பி, புதுசா?"

"ஓயில் பிறஷர் கேஜ், அங்கிள். எலெக்ட்ரிக்."

"ம்."

மார்க்கம் ரோட்டால் ஸ்காபரோ நோக்கிப் போனோம். ஊசி நாற்பதில் நின்றது. நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அங்கிள் சொன்னார்: "தம்பி, ரோட்டையும் இடைக்கிடை பாரும்."

பாதி வழியில் ஊசி நடுங்கியது. பிறகு ஒரேயடியாகப் பூச்சியத்தில் விழுந்தது. நான் எஞ்சினை நிறுத்தி, உருண்ட வேகத்திலேயே பக்கத்திலிருந்த கடைத்தொகுதிப் பிளாசாவுக்குள் காரைச் செருகினேன். அங்கிள் என்னைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார். "நீர் பாரும். நான் ஒரு கோப்பி குடிச்சிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

செல்போனில் சாகக்கிடந்த பற்றரி. வரப் பிந்தும் என்று சொல்ல சுபா வீட்டுக்கு எடுத்தேன். தாய் எடுத்தார்.

"அன்ரி, பிறஷர் திடீரெண்டு இறங்கிட்டுது. பூச்சியத்திலை நிக்குது."

"ஐயோ! எங்கை நிக்கிறியள்?"

பிளாசாவின் பெயரைச் சொன்னேன். அடுத்து அவர் கேட்டது, ஒரு லொறி போன இரைச்சலில், "...இருக்கோ?" என்று மட்டும் என் காதில் விழுந்தது.

"ஒரு சத்தமும் இல்லை அன்ரி. நான்தான் நிப்பாட்டினனான்."

"என்ன?"

"இன்னும் சூடாத்தான் இருக்கு. கொஞ்சம் ஆறட்டும்."

"பிள்ளையாரே!"

"பழசுதானே அன்ரி. எதுக்கும் நாங்கள் தயாரா இருக்கவேணும். சரிவராட்டி கட்டி இழுத்துக்கொண்டு வாறன்."

மறுமுனையில் ஓர் அலறல். பற்றரி செத்தது. எவ்வளவு நல்ல மனம், என்ர காருக்காக அழுகிறாவே என்று நெகிழ்ந்துபோனேன். (உண்மையாகவே நெகிழ்ந்தேன்.)

பதினொரு நிமிடத்தில் சைரன் கேட்டது. அம்புலன்ஸ் ஒன்று பிளாசாவுக்குள் திரும்பியது. அதே நேரம் அங்கிள் ஒரு கையில் கோப்பியும் மறு கையில் பாதி தின்ற டோனட்டுமாக வந்தார்.

"ஆருக்குத் தம்பி?"

"தெரியேல்லை அங்கிள். பாவம், ஆருக்கோ."

அம்புலன்ஸ் எங்கள் காருக்குப் பின்னால் வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஒரு வான். வீட்டு உடுப்புக்கு மேல் குளிர்க்கோட்டும், நெற்றி நிறைய அவசரத் திருநீறுமாக அன்ரி குதித்து இறங்கினார். பின்னால் சுபா, அழுத கண்ணோடு. அன்ரி ஓடிவந்து அங்கிளின் தோளைத் தொட்டார், கன்னத்தைத் தொட்டார், கடைசியில் டோனட்டைக் கண்டார்.

"சீனி வருத்தக்காரன்! டோனட்டோ தின்னுறியள்? அங்கை நான் உங்களுக்குப் பிறஷர் இறங்கி ஆளே முடிஞ்சுதெண்டு குளறிக்கொண்டு வாறன்!"

"எனக்கோ? ஆர் சொன்னது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டாஷ்போர்டைக் காட்டினேன்.

வந்தது வந்தாயிற்று என்று அம்புலன்ஸ்காரப் பெண் அங்கிளின் கையில் பட்டியைக் கட்டிப் பார்த்தார். அருமையான பிறஷர், இளந்தாரிக்குப் போல. பிறகு வெளிறிப்போய் நின்ற என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, கையை நீட்டச் சொன்னார். அளந்தார். முகத்தைச் சுளித்து மறுபடியும் அளந்தார். "இவரை இருத்துங்கள்" என்றார். அன்று அந்தப் பிளாசாவில் பிறஷர் எகிறிப்போய் இருந்த ஒரே சீவன் நான்தான்.

நான் அம்புலன்ஸ் படியில் தலையைத் தொங்கப்போட்டு இருந்தேன். இனி என்ன, எல்லாம் முடிந்தது. அங்கிள் காரின் பொனட்டைத் திறந்து, அளவுகோலை உருவிப் பார்த்தார். எண்ணெய் நிறைய இருந்தது. எஞ்சினை ஸ்ரார்ட் செய்து காதைக் கொடுத்துக் கேட்டார். ஒரு தட்டல் இல்லை. சென்சரைக் கையால் அழுத்தினார். ஊசி எழும்பி நாற்பதில் நின்றது. அழுத்தம் ஒரு நிமிடம்கூட இறங்கியிருக்கவில்லை. என் ஏழு சுற்று டேப்தான் தொடுகையை விட்டிருக்கிறது.

கையைத் துடைத்துக்கொண்டு அன்ரியிடம் அவர் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

"பொடியனுக்குப் பூட்டத் தெரியாது. ஆனா ஊசி விழுந்த உடனை நிப்பாட்டினவன். ஓடிப் பாப்பம் எண்டு நினைக்கேல்லை. பயந்தவன். அந்தப் பயம் காணுமப்பா, பிள்ளையைக் குடுக்கலாம்."

என் பிறஷர் அந்த இடத்திலேயே இறங்கத் தொடங்கியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் பிறஷர் என்று வாயெடுத்தால், "ஆளுக்கோ, காருக்கோ?" என்று கேட்காமல் அடுத்த பேச்சு இல்லை. மருந்துக்கடையில், கலியாண வீட்டில், சாவீட்டில்கூடக் கேட்டிருக்கிறார்கள். ரொறன்ரோவிலேயே பிறந்த என் மகளும் இந்த ஒரு வசனத்தை மட்டும் பிசகில்லாத தமிழில் சொல்லுவாள்.

போன தை மாதம், கடுங்குளிர் நாளொன்றில், வேலையில் இருந்தபோது சுபா எடுத்தாள். தகப்பன் வீட்டில் நிற்கிறாளாம்.

"இஞ்சை அப்பாவின்ர பிறஷர் நல்லா இறங்கிட்டுதப்பா. வேலை முடிய நேரை இஞ்சை வாங்கோ."

மாமாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டே கேட்டேன்.

"ஆளுக்கோ... காருக்கோ?"

அவள் பதில் சொல்ல முதல், பின்னாலிருந்து மாமாவின் குரல் கணீரென்று வந்தது.

"டயருக்குத் தம்பி, டயருக்கு! முன் இடது!"

போய்க் காற்றடித்தேன். விரல்கள் விறைத்துப்போயின. வாழ்க்கையில் ஒரு நாளும் நான் அவ்வளவு சந்தோஷமாகக் காற்றடித்ததில்லை.