சேத்துல நிக்காத வண்டி

"இனிமே என் வண்டி எந்தச் சேத்துலயும் நிக்காது. இது சத்தியம்!"

எங்க வீட்டுக்காரர் இப்படிச் சபதம் போட்டது மார்ச் மாசத்துல. அப்போ வண்டி சேத்துல இல்லை. தாராவி தொண்ணூறு அடி ரோட்டோரம் காய்ஞ்ச தார்மேல சும்மா நின்னுக்கிட்டிருந்தது. சேறு என்று பார்த்தால் மழைக்காலத்தில் எங்க சந்தில்தான் கிடக்கும். அதுக்குள்ள வண்டி நுழையாது. நானே ஒருக்களிச்சுத்தான் நடப்பேன்.

அது ஏழு பேர் உட்காருகிற பெரிய வண்டி. காலையில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஆபீஸ்காரர்களை ஏற்றி கோபர்கைரனேயில் இறக்குவார். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். வழி முழுக்க நல்ல ரோடு.

ஆனாலும் அவர் எந்தச் சேத்தைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

போன வருஷம் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு எட்டாம் மாசம். கர்ஜத் பக்கம் மனை இருக்கிறது என்று ஒரு ஏஜெண்ட் ஆசை காட்டினான். "பொறக்கப்போற புள்ள பேர்ல போட்டுருவோம்ட்டி, நீயும் வந்து பாரு" என்று கூட்டிப் போனார். மெயின் ரோட்டை விட்டு மண்ணு ரோட்டில் இறங்கினோம். மழை. வண்டியின் அடிவயிறு ஒரு கல்லில் தட்டி நின்றது. நாலு சக்கரமும் சேத்தில் சும்மா சுற்றியது. அங்கேயே எனக்கு வலி வந்துவிட்டது. ரெண்டு மணி நேரம். டிராக்டர் வந்து இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிஞ்சிருந்தது. பொண்ணு. முகத்தை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அந்தப் பிள்ளையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஒரே ஒரு தடவை சொன்னார். "நமக்கு மூத்தவ ஹரிதா ஒருத்தி போதும். இன்னொரு உசுர உன் வயித்துல வச்சுக்கிட்டு என்னால ஸ்டியரிங் புடிக்க முடியாது."

அவர் சபதம் போட்ட அன்றைக்கு எனக்குப் பத்து நாள் தள்ளிப் போயிருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வண்டியைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் டயர் வந்தது. மலைப்பாதையில் ஓட்டுகிற டயராம். டயர்மேல வெட்டின ஒவ்வொரு காடியிலும் என் கை விரல் நாலும் போகும். பூசை போட்டு, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை நகர்த்தினார். மூணு பழம் நசுங்கியது. நாலாவது பழம் காடிக்குள்ள போய் உட்கார்ந்து, டயரோட ஒரு சுற்று சுற்றி, மறுபடி முழுசா வெளியே வந்தது.

பக்கத்து வீட்டு சொர்ணம்மாள் மைனி பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஏளா இசக்கி, இம்புட்டு பெரிய டயர வாங்கி ஒரு பழத்தக்கூட நசுக்க முடியலையே உன் வீட்டுக்காரருக்கு!"

"மைனி, அதுக்குப் பேரு கிரிப்பு. உங்களுக்கு வெளங்காது" என்றார் அவர்.

டயரை எவனாவது கழற்றிக்கொண்டு போய்விடுவான் என்று அன்றைக்கே வண்டிக்குள் படுக்கப் போய்விட்டார். பாயையும் எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் வீட்டுக்குச் சாப்பிட வருவார், குளிக்க வருவார், அவ்வளவுதான். எனக்கு நாலாம் மாசம் ஆகும்போது அவருக்கு என் முகம் தெரியும், என் கை வைத்த குழம்பு தெரியும். மற்றது ஒன்றும் தெரியாது.

அடுத்தது முன்னாடி ஒரு இழுவைக் கொக்கி. அதற்கு ஒரு பட்டைக் கயிறு. அப்புறம் மேலே ஒரு கேரியர். கேரியர்மேல ஒரு மஞ்சள் லைட்டு. செம்பூர் சிக்னலில் போலீஸ்காரர் அந்த லைட்டை மட்டும் கழற்ற வைத்துவிட்டார். அன்றைக்கு இவர் சோறு சாப்பிடவில்லை. அப்புறம் அடியில் ஒரு இரும்புத் தகடு.

"வண்டிக்கு வயித்துல தகடு போட்டாச்சுட்டி. இனி எந்தக் கல்லும் ஒண்ணும் செய்யாது" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தார். நான் ரசம் ஊற்றினேன்.

கடைசியாக வண்டியைத் தூக்கப் போகிறேன் என்றார். ஸ்பிரிங்கை மாற்றி, வண்டி உடம்பைத் தரையில் இருந்து உயர்த்துகிற வேலை. அந்த வாரம் நான் துணிந்து ஒரு காரியம் செய்தேன். மெக்கானிக் அப்துல் ரவூப் பாய் கடைக்கு, மைனியைக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு வெளி ஆளிடம் பேச வராது. மைனிதான் பேசினாள்.

"பாய், தூக்குங்க, தாராளமாத் தூக்குங்க. ஆனா குலுங்கக் கூடாது."

"குலுங்காம எப்படி? அவரு கல்லு மாதிரி ஸ்பிரிங்கு கேக்காரு."

மைனி என் முந்தானையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். பாய் உடனே தரையைப் பார்த்தார். "அச்சா அச்சா. மெத்துனு போட்டுருதேன் தாயி. உன் வீட்டுக்காரரு சுடலைகிட்ட வாயத் தொறக்க மாட்டேன்."

வண்டி வந்தது. இவர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னார். "எப்பிடிப் போவுது தெரியுமா, தொட்டில்ல ஆட்டுன மாதிரி! எல்லாம் நான் பாத்து எடுத்த ஸ்பிரிங்கு."

"அப்படியா" என்றேன்.

மறுநாள், தினமும் இவர் வண்டியில் போகிற மாட்டுங்கா நாணு சார் எனக்கே போன் செய்தார். ஆபீஸில் ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கிறவர். "ஏம்மா, ஒங்காத்துக்காரர் என்ன பண்ணி வச்சிருக்கார்? நான் ஆபீஸுக்குப் போறேனா, யானைமேல ஊர்வலம் போறேனா? ரெண்டு பேர் கீழ இருந்து தள்ளி, ஒருத்தர் மேல இருந்து இழுத்துன்னா என்னை ஏத்தறா!"

இப்படியே ஜூலை வந்தது. ஒரு நாள் அவர் குளிக்கும்போது அவர் போன் அடித்தது. அந்த மனை ஏஜெண்ட். இன்னும் வாங்குகிற எண்ணம் இருக்கிறதா என்று கேட்டான். அவனிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். அவனும் பதில் சொன்னான். இவரிடம் சொல்லவில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே, "பன்வேல் பக்கம் ஒரு டிரிப்பு இருக்கு" என்றார்.

"கர்ஜத் தான?"

கை பட்டனிலேயே நின்றுவிட்டது.

"நானும் வாரேன்" என்றேன்.

"நீ எதுக்கு? வேண்டாம்."

"அன்னைக்கும் நான்தான வந்தேன்."

என்னையும் ஹரிதாவையும் தூக்கி ஏற்றிவிட்டார். மார்போடு ஹரிதாவை அணைத்துக்கொண்டு ஏறினதால் அப்போதும் அவருக்குத் தெரியவில்லை.

மெயின் ரோட்டில் இருந்து திரும்புகிற முக்கில் வண்டியை நிறுத்தினார். மழை சிணுங்கியது. இறங்கி, நாலு டயரிலும் காத்தைக் குறைத்தார். காத்து குறைந்தால்தான் சேத்தில் பிடிக்குமாம். ஒவ்வொரு டயரிடமும் குந்தி உட்கார்ந்து, மீட்டரை வைத்து, நனைந்துகொண்டே பார்த்தார். பட்டைக் கயிற்றைக் கொக்கியில் மாட்டி முன்னாடி சுற்றி வைத்தார். சாமி கும்பிட்டார். அப்புறம் ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

முக்குத் திரும்பினதும் சிமெண்டு ரோடு. பாலாடை மாதிரி வழவழன்னு, கண்ணுக்கு எட்டின மட்டும். ஏஜெண்ட் என்னிடம் சொன்னது இதைத்தான்.

அவர் நம்பாமல் மெதுவாக ஓட்டினார். காத்து இல்லாத டயர் சப்புச் சப்பென்று அடித்தது. ஸ்கூட்டியில் ரெண்டு மராட்டிப் பொண்ணுகள் எங்களைத் தாண்டிப் போனார்கள். "காகா, டயர்ல ஹவா நாஹி!" என்று கத்தி, டயரில் காத்து இல்லாததைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த இடத்துக்கு வந்தோம். எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. இறங்கிப் போய் ரோட்டோரம் புல்லையெல்லாம் காலால் விலக்கித் தேடினார்.

"என்ன தேடுதிய?"

"அந்தக் கல்லு. இங்கதானட்டி கெடந்துச்சு."

"எடுத்துட்டாங்க போல."

சிமெண்டு ரோட்டிலேயே மழையில் உட்கார்ந்துவிட்டார். "மெயின் ரோடு ஒன்றரை கிலோமீட்டர்தான் இசக்கி. இப்ப வண்டி மீட்டர்ல பாத்தேன். உன்னத் தூக்கிட்டு நடந்திருக்கலாம். நான் டயருக்கு அடியில தகரத்தச் சொருகிக்கிட்டுக் கெடந்தேன். ரெண்டு மணி நேரம்."

அந்த நாளைப் பற்றி ஒரு வருஷம் கழித்து அவர் சொன்ன முதல் வார்த்தை அது. "நானும்தான் நடப்போம்னு சொல்லல" என்றேன்.

அவர் அழுதார். வண்டி உயரத்தில் இருந்து பார்க்க, ரொம்பச் சின்ன ஆளாகத் தெரிந்தார். பக்கத்தில் போய் உட்காரலாம் என்றால் என்னால் இறங்க முடியவில்லை.

"ஏங்க, என்ன எறக்கி விடுங்க."

எழுந்து வந்து, ரெண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். பாதியில் நின்றார்.

"என்னட்டி இப்பிடிக் கனக்கே?"

"ரெண்டு பேருலா."

அவர் என்னை இறக்கவும் இல்லை, ஏற்றவும் இல்லை.

"எத்தன மாசம்?"

"அஞ்சு."

"யாருக்குத் தெரியும்?"

"மைனிக்கு. ரவூப் பாய்க்கு."

"பாய்க்கா? அப்ப அந்த ஸ்பிரிங்கு...?"

"மெத்துனு போடச் சொன்னது நான்தான்."

பின்சீட்டில் இருந்து ஹரிதா தலையை நீட்டினாள். "எனக்கும் தெரியும்ப்பா!"

டயரில் ஒரு பிடி காத்து குறைந்தால் தூரத்தில் நின்றே சொல்லிவிடுகிற மனுஷன். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். மழையா கண்ணீரா தெரியவில்லை. "பயமா இருக்கு இசக்கி" என்றார். "எனக்கும்தான்" என்றேன்.

அன்றைக்கே அவர் படுக்கிற பாய் வீட்டுக்குள் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் காய் வெட்ட உட்காரப் போனேன். என் ஸ்டூலைக் காணவில்லை. ரோட்டுக்கு வந்து பார்த்தால், அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் வண்டிக் கேரியர்மேல இருந்தது. இதுவரைக்கும் எதையும் இழுக்காத அந்தப் பட்டைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"இனிமே நீ ஏற எறங்க கஷ்டமே இல்ல" என்றார். "நாணு சாருக்கும் ஆச்சு. வலி வந்தா ஒரு சத்தம் குடு, ரெண்டே நிமிசத்துல வண்டிய ரெடி பண்ணிருவேன்!"

முகத்தில் ஒரு வருஷமாகப் பார்க்காத ஒரு சந்தோஷம். அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிரசவ ஆஸ்பத்திரி எங்க சந்துக்குப் பின்னாடி, நடந்து போகிற தூரம்தான். வண்டி போகாது.