டேமேஜ் அண்ணாச்சியும் எட்டரை மணி சீரியலும்

தமிழ் சீரியல்களில் இதுவரை ஒருத்தருக்குக்கூட ஒழுங்காகத் தலையில் அடிபட்டதில்லை. இந்த உண்மையை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவர் ராஜபாளையத்து டேமேஜ் அண்ணாச்சிதான். மற்றவர்கள் எல்லாம் கதையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் ஒருவர்தான் பேண்டேஜைப் பார்த்தார்.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்து வெளியூருக்கு அனுப்புகிற கம்பெனிகள் நிறைய. அப்படி ஒரு கம்பெனியில் நான் பில் போடும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி செக்கிங் மேஜையில் நின்றுகொண்டிருந்தார். அடியில் டியூப் லைட் எரியும் கண்ணாடி மேஜை. அதன்மேல் துணியை இழுத்துவிட்டு, இழை எண்ணுகிற சின்ன லென்ஸை வைத்துப் பார்ப்பார். இழை விட்டிருந்தாலோ, பொத்தல் இருந்தாலோ, எண்ணெய்க்கறை பட்டிருந்தாலோ, "டேமேஜ்" என்று ஒரே சொல். துணி ஓரமாகப் பறக்கும். முப்பது வருஷம் ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தச் சொல்லைச் சொன்னதில், அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லாமல் போய்விட்டது. வருகைப் பதிவேட்டில்கூட அவர் டேமேஜ்தான்.

அந்த லென்ஸ் எப்போதும் சட்டைப் பாக்கெட்டில் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினால்கூட டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைப்பார். வேட்டி எடுக்க ஜவுளிக்கடைக்குள் அவர் நுழைவதைப் பார்த்தால், கடைக்காரர் லைட்டை அணைத்துவிட்டு, கரண்ட் இல்லை என்று சொல்லிவிடுவார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பேக்கிங் செக்ஷன் மேரி அக்கா முந்தின நாள் எட்டரை மணி சீரியலைச் செல்போனில் போட்டு, டிபன் கேரியரில் சாய்த்து வைப்பார். பத்துப் பெண்கள் சோற்றோடு சுற்றி உட்காருவார்கள். அண்ணாச்சி உட்கார மாட்டார். செக்கிங் என்றால் அவருக்கு நின்றுகொண்டுதான்.

கதாநாயகன் மேல் லாரி மோதும். சட்டை கசங்கியிருக்காது. நெற்றியில் மட்டும் ஒரு கட்டு.

"டேமேஜ்," என்பார் அண்ணாச்சி. "அம்புட்டுப் பெரிய லாரிக்கு நெத்தியத் தவிர வேற எடமே கெடைக்கலையாக்கும்? கட்ட முடிக்கு மேல சுத்திருக்கான். ரத்தத்தப் பாரு, பொட்டு வச்ச மாதிரி நட்டநடுவுல."

அடுத்து கதாநாயகி நாற்பது எபிசோடு கோமாவில் கிடந்தாள். தலையில் வைத்த மல்லிகைப்பூ ஒரு நாளும் வாடவில்லை. அண்ணாச்சியால் இதை மட்டும் தாங்கவே முடியவில்லை. நாற்பது நாளும் ஒரே கேள்வி: "சரி, கோமா. ஒத்துக்கிடுதேன். அந்தப் பூவ யாரு மாத்துதா?"

ஒரு நாள் மேரி அக்கா சோற்றுக் கையோடு திரும்பினார். "பூ பொய்யிதான் அண்ணாச்சி. பக்கத்துல உக்காந்து அவ அம்மா அழுதால்லா, அதுல எங்கன டேமேஜுன்னு சொல்லுங்க பாப்போம்."

"கண்ணீர எல்லாம் லென்சுல பாக்க முடியாது," என்று அண்ணாச்சி கேஸை முடித்துவிட்டார்.

நான் முழுக்க அண்ணாச்சி கட்சி. எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். சீரியல் பார்த்து அழுவது படிக்காதவர்கள் வேலை என்று நினைத்திருந்தேன். அம்மா டிவி முன்னால் மூக்கைச் சிந்தினால் எழுந்து வெளியே போய்விடுவேன். ஆகவே சேனலுக்குப் புகார் எழுத வேண்டும் என்று அண்ணாச்சி சொன்னபோது, நானே டைப் அடித்துக் கொடுத்தேன். கூடவே சாம்பிளுக்கு ஒரு ரோல் பேண்டேஜ், அதை எப்படிச் சுற்ற வேண்டும் என்று அவர் கைப்பட வரைந்த ஒரு படம். பதில் வரவில்லை. ஆனால் மூன்றாவது வாரம், வில்லனின் இடது கையில் இருந்த கட்டு திடீரென்று வலது கைக்கு மாறியிருந்தது. கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது, திருத்த ஆரம்பித்துவிட்டார்கள் என்று அண்ணாச்சி கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்பேர்ப்பட்டவரோடு அவருடைய ஒரே தங்கை மூன்று வருஷமாகப் பேசவில்லை.

வன்னியம்பட்டியில் வாழ்க்கைப்பட்ட பேச்சியம்மா அவர். வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அண்ணாச்சி அடித்துப்பிடித்து ஓடினார். கட்டில் பக்கத்தில் போனவர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. லென்ஸை எடுத்துத் தங்கை தலைக்கட்டின் மேல் வைத்து இழை எண்ண ஆரம்பித்துவிட்டார். துணி இரண்டாந்தரம் என்று நர்ஸிடம் சண்டை. அப்படியே பஸ் ஏறி ராஜபாளையம் வந்து, ஒரு டஜன் நல்ல ரோலோடு திரும்பிப் போனார். அதற்குள் பேச்சியம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார். "எங்கண்ணன் என்னயப் பாக்க வரல. துணியப் பாக்க வந்துட்டுப் போகுது" என்று அங்கிருந்தவர்களிடம் சொன்னதுதான் கடைசி. நர்ஸ் கட்டியிருந்த அந்தத் துணி எங்கள் கம்பெனியில் அண்ணாச்சியே பாஸ் செய்து அனுப்பியது என்பது பிறகு அதன் ரோல் லேபிளைப் பார்த்தபோது தெரிந்தது. அவரிடம் கேட்டால், எண்ணிப் பார்த்தேன், இழை குறைந்தது என்பார். அதோடு பேச்சை மாற்றிவிடுவார்.

இந்த வருஷம் பேச்சியம்மா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வன்னியம்பட்டியில் வீடு வீடாகப் பத்திரிகை வைக்கிறார்கள் என்று மேரி அக்கா வழியாகச் செய்தி வந்தது. முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு வைக்க வேண்டும். வைக்கவில்லை. கூப்பிடாமல் போய் நிற்க முடியாது. மருமகள் மணவறையில் இருக்கும்போது போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கவும் முடியாது. அண்ணாச்சியின் செக்கிங் மேஜையில் டேமேஜ் இரண்டு மடங்கு விழுந்தது.

அந்த வாரம்தான் சீரியலில் அந்தக் காட்சி வந்தது. அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒரு தங்கை, மாடியிலிருந்து விழுந்து ஐசியூவில் கிடக்கிறாள். அண்ணன்காரன் செருப்புக் காலோடு நேராக உள்ளே போகிறான். தடுக்க ஒரு வாட்ச்மேன் கிடையாது. மானிட்டர் ஓடுகிறது, அதன் வயர் யார் மேலும் மாட்டியிருக்கவில்லை. கட்டு வழக்கம்போல முடிக்கு மேல். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில், கூடவே இடி முழக்கம். நானே ஐந்து டேமேஜ் எண்ணிவிட்டேன். அந்த அண்ணன் தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, "வலிக்குதாம்மா?" என்று கேட்டான். அவ்வளவுதான் வசனம்.

எல்லோரும் தீர்ப்புக்காக அண்ணாச்சி பக்கம் திரும்பினோம்.

"கொஞ்சம் பின்னால தள்ளிப் போடு மேரி," என்றார்.

மேரி அக்கா போட்டார். அண்ணாச்சி மறுபடி பார்த்துவிட்டு, நேராக மேஜைக்குப் போய்விட்டார். அன்று மத்தியானம் அவர் பாஸ் செய்த துணி ஒன்றில் எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்கு ஒரு பொத்தல் இருந்தது. மேரி அக்கா சத்தமில்லாமல் அதை எடுத்து ஓரமாகப் போட்டார்.

சாயங்காலம் அண்ணாச்சி என்னிடம் வந்தார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லையென்றால் என் வண்டியில் வன்னியம்பட்டி வரைக்கும் போய்வரலாமா என்று கேட்டார். போகும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினோம். டப்பாவை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

பேச்சியம்மா வாசலில் கல்யாணத்துக்கு வாங்கிய புதுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திக்கொண்டிருந்தார். அண்ணனை ஏறிட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "உக்காருங்க தம்பி. கூட வந்தவியளையும் உக்காரச் சொல்லுங்க."

அண்ணாச்சி உட்காரவில்லை. "பேச்சி, அன்னைக்கு ரொம்ப வலிச்சுதா?"

பாத்திரச் சத்தம் நின்றது.

"மூணு வருசமாச்சா இதக் கேக்க?" என்றார் பேச்சியம்மா. கையிலிருந்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "புதன்கெழம சீரியல் பாத்தியாக்கும்?"

அண்ணாச்சி தலையாட்டினார்.

"அந்தப் புள்ளைக்கு முடிக்கு மேலல்லா கட்டு போட்டிருந்தாக. நீ விட மாட்டியே."

"கட்டு தப்புதான். அது கெடக்கு. அந்தப் பய கேட்டது சரியா இருந்துச்சு." அண்ணாச்சி சட்டைப் பாக்கெட்டைத் தடவிக்கொண்டார். "ஒன் மொகத்தப் பாக்கப் பயமா இருந்துச்சு பேச்சி. அதான் துணியப் பாத்தேன். மூணு தடவ எண்ணுனேன். எழையெல்லாம் கலங்குச்சு. ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு வந்துச்சு."

அப்போதுதான் எனக்கு அந்த லேபிள் சமாச்சாரம் விளங்கியது. துணியில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை. வயர் மாட்டாத மானிட்டரும் வெயிலில் இடிக்கிற இடியுமாக, எந்த ஆஸ்பத்திரியிலும் நடக்க முடியாததுதான் அந்தச் சீரியல் காட்சி. ஆனால் என்றைக்கோ நடந்திருக்க வேண்டிய ஒன்று அதில் இருந்தது. அம்மா எதற்காக மூக்கைச் சிந்தினாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லையே என்று அந்த வாசலில் வைத்து எனக்குத் தோன்றியது.

பேச்சியம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு தாம்பாளத்தோடு வந்தார். வெற்றிலை பாக்கு புதிது. பத்திரிகையின் மூலையில் வைத்த மஞ்சள் மட்டும் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"மொதப் பத்திரிகை. ஒனக்குன்னு எடுத்து வச்சது," என்றார். "டேமேஜ் இருந்தாச் சொல்லிரு."

அண்ணாச்சி லென்ஸை எடுத்துப் பத்திரிகைமேல் வைத்தார். குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

"அச்சு சரியில்ல தம்பி. எழுத்தெல்லாம் கலங்கியிருக்கு. நீ வாசி."

வாங்கிப் பார்த்தேன். தாய்மாமன் என்று தனி வரி, அதன் கீழே கொட்டை எழுத்தில் ஒரு பெயர். அண்ணாச்சியின் சொந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அச்சு பளிச்சென்று இருந்தது.

"ஆமா அண்ணாச்சி," என்றேன். "டேமேஜ்தான்."