முட்டைப் பேயும் பிரிவுத் தலைவரும்

"இன்னைக்காவது யாராவது பேயைப் பார்த்தீங்களா?"

இயக்குநர் யாங் பல் துலக்குவதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். பதினோரு நாளாக இதே கேள்விதான். படக்குழுவினர் நாற்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பேயைப் பார்க்காதது ஏதோ அவர்கள் செய்த குற்றம் போல.

குற்றம்தான். சியோலில் பாட்டுப் பதிவு செய்கிறவனைக் கேளுங்கள், தொடர் எடுக்கிறவனைக் கேளுங்கள், அடித்துச் சொல்வான். வேலை நடக்கிற இடத்தில் நிஜப் பேய் ஒன்று தலையைக் காட்டிவிட்டால் போதும், அந்தப் பாட்டோ தொடரோ பிய்த்துக்கொண்டு ஓடும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகிறவன்கூட இந்த ஒரு விஷயத்தில் மறுபேச்சுப் பேசமாட்டான்.

இவர்கள் எடுப்பது பேய்த் தொடர். எடுக்கிற இடம் காங்வோன் மலையில் பல வருடங்களாக மூடிக் கிடக்கும் பெண்கள் பள்ளிக்கூடம். வெள்ளைச் சேலை மாதிரி தொளதொளவென்று உடுத்திக்கொண்டு தலையை விரித்துப் போட்ட பன்னிரண்டு துணை நடிகைகள் வேறு. இவ்வளவு வசதி செய்து கொடுத்தும் நிஜப் பேய் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. நான்கு வாரம் ஒளிபரப்பாகிவிட்டது. நூறு வீட்டில் இரண்டு வீடுதான் பார்க்கிறது.

"மோ கிவான்! இன்னைக்கு யாரு வர்றாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"நாம்குங் தலைவர் வர்றார் சார்."

தொலைக்காட்சியின் நாடகப் பிரிவுக்குப் புதுத் தலைவர் அவர். போன திங்கட்கிழமைதான் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தை இன்னும் யாரும் பார்த்ததில்லை. நேரில் வந்து பார்த்து, தொடரை ஐந்தாவது வாரத்தோடு மூடுவதா, பதினாறு வாரமும் ஓட்டுவதா என்று இன்றைக்குச் சொல்லப் போகிறார்.

உதவி இயக்குநர் கிவானுக்கு வயது முப்பத்தெட்டு. பதினோரு வருடமாக உதவி இயக்குநர்தான். இந்தத் தொடரும் மூடிவிட்டால் தேஜோனில் மாமனாரின் பொரித்த கோழிக் கடைதான் கதி. நேற்றுக்கூட மாமனார் போன் போட்டிருந்தார். "ஏப்ரன்ல உன் பேரைத் தைச்சாச்சு மாப்பிள்ளை. எப்ப வர்றேன்னு மட்டும் சொல்லு" என்றார். அந்த மனிதரின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

பத்து மணி இருக்கும். விடியற்காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. பதினோரு நாளாக வகுப்பறைகளிலேயே படுத்து எழுந்துகொண்டிருந்தவர்கள் அன்று யாரும் வாசல் பக்கம்கூடப் போகவில்லை. விளக்குக் கம்பிகளைச் சுமந்துகொண்டு இரண்டாம் மாடி ஏறிய கிவானுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தாழ்வாரத்தின் நடுவில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தை இறுக்கிய டை, பின்னால் கட்டிய கைகள். உலகத்தில் எதுவுமே பிடிக்காத முகம்.

தலைவரேதான்! வேறு யாருக்கு அப்படி ஒரு முகம் இருக்கும்?

"நீங்க யாரு?" என்று மேலிடத்து ஆளைப் பார்த்துக் கேட்கும் வழக்கம் அந்த ஊரிலேயே கிடையாது. முதலில் இடுப்பு வளைய வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். கிவான் கம்பிகளைக் கடகடவென்று தரையில் போட்டுவிட்டு வளைந்தான்.

"தலைவர் சார்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாசல்லயே வந்து நின்னிருப்போமே!"

"யாரைக் கேட்டு இத்தனை பேர் இங்க வந்தீங்க?" என்றார் பெரியவர்.

கிவான் இன்னும் கொஞ்சம் வளைந்தான். "நாப்பதே பேருதான் சார். அதுக்கும் கம்மின்னா இயக்குநரே விளக்குப் பிடிக்கணும்."

"ஒரே இரைச்சல். பன்னெண்டு பொம்பளைங்க தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு ஓடுறாங்க. ஓடுறாங்க, ஓடுறாங்க, ஓடிக்கிட்டே இருக்காங்க. இதுல என்ன இருக்கு?"

"அதான் சார் கதை..."

"போதும். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் மூட்டை கட்டுங்க."

கிவான் இரண்டு கையாலும் நீட்டிய விசிட்டிங் கார்டை அவர் தொடக்கூட இல்லை. சூடாக டீ வேண்டுமா என்றதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விஷயத்தைக் கேட்டதும் இயக்குநர் யாங் கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு! எல்லாம் போச்சு! டேய், அந்த ஆளு இதுக்கு முன்னாடி மூணு ஹிட்டு குடுத்திருக்காராம். மூணுலயும் ஷூட்டிங்ல பேய் வந்துச்சாம். பேய்னா அவருக்கு உசுராம். எப்படியாவது ஒரு பேயைக் கண்ணுல காட்டுடா!"

"பேய்க்கு நான் எங்க சார் போவேன்?"

"பன்னெண்டு பேருக்குச் சோறு போடுறோமே, தெரியலையா உனக்கு?"

எயோம் பில்ரே அக்கா இருபத்திரண்டு வருடமாகப் பேயாக நடிப்பவள். இவள் முகத்தை எந்த ரசிகரும் பார்த்ததில்லை, முடியைத்தான் பார்த்திருக்கிறார்கள். அவளை அதே கட்டடத்தின் எதிர்ப்பக்க மூன்றாம் மாடி ஜன்னலில் நிறுத்தினான் கிவான். பிறகு ஓடி வந்து பெரியவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அலறினான்.

"ஐயோ! சார்! அங்க பாருங்க சார்!"

பெரியவர் பார்த்தார். பில்ரே அக்காவும் பார்த்தாள். இருபத்திரண்டு வருட அனுபவம் இருந்து என்ன? மேலிடத்து ஆள் தன்னைப் பார்க்கிறார் என்றதும், வளர்ப்பு விடுமா, ஜன்னலில் முட்டிக்கொள்ளும் அளவுக்குக் குனிந்து வணக்கம் வைத்துவிட்டாள்.

"அந்தம்மா குளிர்ல நடுங்குது. குடிக்கச் சூடா ஏதாவது குடுங்க" என்றார் பெரியவர்.

கிவான் தலையில் அடித்துக்கொண்டான். பேய்த் தொடர் எடுக்கிற இடத்தில் வெள்ளை உடுத்திய பேய் வந்தால் யார் பயப்படுவார்கள்? சாப்பாட்டு வரிசையில் நிற்கச் சொல்லித் தட்டைக் கையில் கொடுப்பார்கள். கதையிலேயே இல்லாத பேயாக ஒன்று வேண்டும்.

"முட்டைப் பேய்!" என்றான் மேக்கப் போடும் சுன்பொக். "கண்ணு, மூக்கு, வாய் ஒண்ணும் கிடையாது. வழவழன்னு முட்டை மாதிரி மூஞ்சி. எங்க ஊர்ல அதைப் பார்த்தவன் பிழைச்சதே இல்லை."

"பிழைக்கலைன்னா அப்புறம் எவன் வந்து சொன்னான்?"

"அண்ணே, இப்ப பேய் வேணுமா, வேண்டாமா?"

சுன்பொக் தன் முகத்தில் தானே ரப்பரை ஒட்டிக்கொண்டான். மூச்சு விட அடியில் ஒரு சின்ன ஓட்டை, அவ்வளவுதான். கண் தெரியாது. தாழ்வாரத்தில் நேராகப் பத்தடி நடந்து மூலை திரும்பினால் பெரியவர் நிற்கிறார். சுன்பொக் நேராகத்தான் நடந்தான், ஆறடி. ஏழாவது அடியில் இடது பக்கம் திரும்பி, திறந்திருந்த ஆசிரியர் அறைக்குள் போய்விட்டான். அங்கே கதாநாயகி சேரின் தனியாக உட்கார்ந்து கிம்பாப் சோற்றுச் சுருளைத் தின்றுகொண்டிருந்தாள்.

அவள் போட்ட கூச்சலில் கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது. கையில் கிடைத்த தட்டால் ரப்பர் மூஞ்சியில் நாலு சாத்து சாத்தி வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். சுன்பொக் எந்த வழியாக ஓடினான் என்று அவனுக்கே தெரியாது.

"நான் வீட்டுக்குப் போறேன்!" என்று உள்ளிருந்து கத்தினாள். "ஒப்பந்தத்துல பேயோட நடிக்கணும்னுதான் இருக்கு. பேயோட சாப்பிடணும்னு இல்ல!"

பெரியவர் அதற்குள் அங்கே வந்து நின்றார். "என்ன சத்தம்?"

"பேய் சார்! நிஜப் பேய்! முட்டைப் பேய்!" என்றான் கிவான்.

முதல் தடவையாகப் பெரியவரின் முகம் மாறியது. "இங்கயா? இருக்காதே. இந்தக் கட்டடத்துல அப்படி எதுவும் கிடையாது."

"இருக்கு சார்!" என்று அவரிடம் சத்தமாகச் சொல்லிவிட்டு, கதவிடுக்கில் வாயை வைத்து, "அம்மா தாயே, அது நம்ம சுன்பொக்தான். பயப்படாம வெளிய வாங்க" என்று குசுகுசுத்தான் கிவான்.

"சுன்பொக்கா?" கதவுக்குப் பின்னாலிருந்து சேரினின் குரல் மணியடித்தது போல வந்தது. "அந்தச் சுன்பொக்கை என் முன்னாடி வரச் சொல்லுங்க! அறையிற அறையில பல்லு எல்லாம் கொட்டணும்!"

"யாரு சுன்பொக்?" என்றார் பெரியவர்.

கிவானுக்கு வியர்த்துக் கொட்டியது. "அது... அந்தப் பேயோட பேரு சார்."

"பேருகூட இருக்கா?"

"பழைய பேய் சார். முப்பது வருஷமா இங்கதான் இருக்காம்."

"முப்பது வருஷமாவா? எனக்குத் தெரியாமலா?" பெரியவரின் மீசை துடித்தது. தலைவர்களே இப்படித்தான், தங்களுக்குத் தெரியாமல் ஒரு பேய்கூட இருக்கக் கூடாது. "எங்க இருக்கான் அவன்? நான் என் கண்ணால பார்க்கணும். வரச் சொல்லு!"

கிவான் ஓடினான். மேக்கப் அறையில் சுன்பொக் வீங்கிய மூக்கில் பனிக்கட்டியை வைத்துக்கொண்டு கிடந்தான். "என்னைக் கொன்னாலும் மாட்டேன்" என்றான். யாங் கிவானை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை கிவானுக்குப் புரிந்துவிட்டது. பதினோரு வருடமாகப் பார்த்துப் பழகிய பார்வை.

"சார், வேண்டாம் சார்."

"கோழி பொரிக்கப் போறியா?"

ஐந்து நிமிடத்தில் கிவானின் முகம் காணாமல் போனது. அவசரத்தில் ரப்பருக்கு அடியில் சிவப்புப் பசையை அப்பிவிட்டான் சுன்பொக். அது கன்னத்தில் வழிந்தது, எரிந்தது. வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவித் தாழ்வாரத்தில் நடந்தான் கிவான். மூச்சு முட்டியது. பெண்டாட்டி, பிள்ளை, மாமனார், எண்ணெய்ச் சட்டி எல்லாம் வரிசையாக மனதில் வந்து போயின. இந்த வயதில் இந்தக் கோலம் தேவையா என்று அழுகை வந்தது. அழ, கண் திறக்க முடியவில்லை.

மிகப் பக்கத்தில் ஒரு இருமல் கேட்டது.

பெரியவர்! கர்ஜிக்க வேண்டிய நேரம். ஆனால் கர்ஜிக்க வாய் இல்லை. கையைத் தூக்கிப் பயமுறுத்தலாமா? பிரிவுத் தலைவர் முன்னால் கையைத் தூக்குவதா? கிவானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இடுப்புக்கு மட்டும் தன் வேலை தெரிந்திருந்தது. அது தானாக வளைந்தது.

வளைந்த வேகத்தில் ரப்பர் மூஞ்சி கழன்று 'சொத்'தென்று தரையில் விழுந்தது. கண்ணைத் திறக்க முடியாமல், சிவப்பாக வழியும் முகத்தோடு கிவான் நிமிர்ந்தான்.

அப்படி ஒரு அலறலை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. சேரினின் கூச்சல் அதன்முன் தாலாட்டு.

பின்படி வழியாக ஓடிப்போய்ப் பனியை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டு கிவான் முன்பக்கம் வந்தபோது, குழுவே கட்டடத்தின் முன்படிகளில் கூடி நின்றது. பனி நின்றுபோயிருந்தது. பெரியவர் பேயறைந்தவர் போல வெளியே வந்தார்.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை. மூஞ்சியே இல்லாம வருது... என்னைப் பார்த்துக் கும்பிடுது... கும்பிட்டுட்டு மூஞ்சியைக் கழட்டி என் காலடியில போடுது!"

யாங் கையைப் பிசைந்தார். "சார், அப்போ... பதினாறு வாரமும்...?"

"பதினாறு வருஷம்கூட இருங்க! எப்படி வேணும்னாலும் ஓடுங்க, கத்துங்க. இனிமே நான் ஒண்ணும் கேட்க மாட்டேன். இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்!"

நாற்பது பேரும் ஒரே நேரத்தில் இடுப்பை மடக்கினார்கள். பெரியவர் ஒருவர் கிளம்பும்போது அவர் போய்விட்டார் என்று நிச்சயமாகும்வரை நிமிரக் கூடாது. மனதுக்குள் இருபது வரை எண்ணிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது ஆள் இல்லை. அவ்வளவு பயம்!

பிறகு அங்கே நடந்தது திருவிழா. யாங் கிவானைக் கட்டிப்பிடித்து அழுதார். "அடுத்த தொடர்ல நீதான்டா இயக்குநர்!" என்றார். சேரின் கதவைத் திறந்துகொண்டு வந்து, தலைவரே பயந்த இடத்தில் தான் பயந்ததில் தப்பில்லை என்று சுன்பொக்கை மன்னித்தாள். கிவான் மாமனாருக்குப் போன் போட்டு, "மாமா, அந்த ஏப்ரன்ல வேற பேரைத் தைச்சுக்கோங்க" என்றான். மறுமுனையில் அவர் பட்டென்று போனை வைத்துவிட்டார். கிவானுக்கு அதுவும் தேனாக இனித்தது.

அப்போதுதான் வாசல் வழியாக ஒரு கறுப்புக் கார் பனியில் முனகிக்கொண்டே ஏறி வந்து படிகளுக்குப் பக்கத்தில் நின்றது. பின்சீட்டில் மஞ்சள் மப்ளர் சுற்றிய குண்டு மனிதர் ஒருவர் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார்.

"ஷூட்டிங் நடக்குது, இங்க நிறுத்தக் கூடாது!" என்று அதட்டிக்கொண்டே கிவான் போனான்.

டிரைவர் அவசரமாக இறங்கி வந்து கும்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார், நாம்குங் தலைவரை ஒன்பது மணிக்கே இங்க கொண்டுவந்து சேர்த்திருக்கணும், மலைப்பாதையில பனியில மாட்டிக்கிட்டோம், அதுலயும் வாசல்லேருந்து இந்தப் படி வரைக்கும் பனியில ஒரு காலடித்தடம்கூட இல்லையா, இங்க ஆளே கிடையாதோ, இடம் மாறி வந்துட்டோமோன்னு பயந்தே போயிட்டேன்!"