கம்ப்யூட்டருக்கு மடி பார்த்த சாமி

மனிதர்களை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர்களிடம் மட்டும் மடி, தீட்டு பார்த்த ஆசாமி, திருவனந்தபுரத்திலேயே எங்கள் மடிசாமி ஒருத்தர்தான். தம்பானூரில் நான் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்த ரத்தப் பரிசோதனை லேபில் அவர்தான் நெட்வொர்க் பார்த்தார். கரமனை அக்ரஹாரத்துக்காரர்.

எங்கள் சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் கைவிட்டுச் சாப்பிடுவார். "என்ன சாமி, மடியெல்லாம் கிடையாதா?" என்றால், "மனுஷாளுக்கு என்னடா மடி? குளிச்சாப் போச்சு. இதுகளைக் குளிப்பாட்ட முடியுமோ?" என்பார்.

இதுகள் என்றால் ரௌட்டரில் மாட்டிய கருவிகள். ஒவ்வொன்றுக்கும் தனி சப்நெட். அதாவது ஒரே ஆபீசுக்குள் தனித்தனித் தெரு. ஒரு தெருக் கருவி அடுத்த தெருவுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. டி.வி.க்கு ஒரு தெரு, கேமராவுக்கு ஒரு தெரு. முதலாளியின் போனைக்கூட விருந்தாளித் தெருவில் தள்ளிவிட்டார்.

முதலாளி குதித்தார். "சாமி, ஞான் முதலாளியல்லே?"

"நீங்கதான் முதலாளி. ஒங்க போன் விருந்தாளின்னா! எங்கெங்கே சுத்திட்டு வந்துதோ, யார் கண்டா?"

பாவப்பட்டவன் நான்தான். பிரிண்டர், மாடியிலிருந்த பரிசோதனை அறையின் தெருவில். என் கம்ப்யூட்டர், கண்டவர்களின் பென் டிரைவையும் செருகுவதால், தள்ளிவைத்த தெருவில். ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் மாடி ஏறினேன். நோயாளிகள் கத்தினார்கள். "இனி ஒரு பராதி வந்நால் சாமிக்கு வீட்டில் இரிக்காம்" என்று முதலாளி சொல்லிவிட்டார். இன்னொரு புகார் வந்தால் சாமிக்கு வேலை போச்சு.

"சனிக்கிழமை வரைக்கும் பொறுடா. பிரிண்டருக்கு மட்டும் ஒரு ஜன்னல் திறந்து விடறேன். வாசலைத் திறக்க மாட்டேன்" என்று சாமி என்னைக் கெஞ்சினார்.

எனக்கா பொறுமை? வெள்ளிக்கிழமை காலை, என் மேஜைக்கு அடியில் இரண்டு தெருவையும் சேர்த்து ஒரு கேபிளைச் செருகினேன். பிரிண்டர் ஜோராக ஓடியது. "பூ, இவ்வளவுதானா!" என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு, யாரோ கொடுத்த பென் டிரைவிலிருந்த வைரஸ் அந்தக் கேபிள் வழியாக மாடி ஏறிவிட்டது. காலையில் எடுத்த ரிப்போர்ட் அத்தனையும் போச்சு. எல்லோரையும் திரும்ப வரவழைத்து மறுபடி ஊசி குத்த வேண்டிய நிலை.

"எல்லாம் தனித்தனின்னல்லே சாமி பறஞ்சது?" என்று முதலாளி அலறினார்.

சாமி மேஜைக்கு அடியில் குனிந்தார். கேபிளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். அவர் கேபிளை உருவி, சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சோதிச்சுப் பார்க்கறதுக்காக நான்தான் செருகினேன். எடுக்க மறந்துட்டேன். என் தப்பு" என்றார்.

அன்று மாலையே அவர் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். படியில் பின்னாலேயே ஓடினேன். அவர் பையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஒனக்கு வேலை புதுசுடா. நேக்கு இன்னொரு லேப் கிடைக்கும்" என்று தோளில் தட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

அந்த வேலையில் இன்றும் இருக்கிறேன். முதலாளியிடம் உண்மையைச் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை. மன்னிச்சிருங்க சாமி, செருகினது நான்தான்.