தங்கள் காரை நான் வரிசைப்படுத்திய விவரம்

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார், ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் அத்தை, தங்கள் மனைவியாகிய என் மகள், அவள் வயிற்றில் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் சின்ன உயிர் ஆகிய நாங்கள் அனைவரும் சௌக்கியம். தாங்களும் கப்பலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, அலை அடங்கிய நேரத்தில் கை காலை நீட்டி மடக்கி, ஆரோக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் என் பொறுப்பில் விட்டுச்சென்ற காரும் சௌக்கியம். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு இன்று காலைவரை தைரியம் வரவில்லை. கடிதம் தாமதமானதற்கு அதுவே காரணம்.

போன தடவை போனில் தாங்கள் "வண்டி எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டபோது நான் "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றேன். பக்கத்தில் நின்ற தங்கள் அத்தை இருமினாள். அந்த இருமலுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு மகளுக்குத் தாங்கள் மெசேஜ் மேல் மெசேஜ் போட்டதாகக் கேள்விப்பட்டேன். போனிலேயே விளக்கியிருக்கலாம். ஆனால் நான் பேசினால் அத்தை கூடவே நின்று வாக்கியத்துக்கு வாக்கியம் திருத்தம் போடுகிறாள். ஆகவே அவள் துணி துவைக்கும் நேரம் பார்த்து இதை எழுதுகிறேன்.

கிளம்பும் அன்று சாவியை என் உள்ளங்கையில் வைத்து, வலி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, இந்தத் தெருவுக்கு டாக்ஸி கூப்பிட்டால் வருவதற்குள் விடிந்துவிடும், வண்டி எப்போதும் தயாராக இருக்க வேண்டும், உங்களை நம்பித்தான் போகிறேன் என்று சொன்னீர்கள். மாப்பிள்ளை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என்னை நம்பி யாரும் ஒரு வேலையும் கொடுத்ததில்லை. கடைக்கு அனுப்பினால்கூட நான் வாங்கி வந்ததைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தங்கள் அத்தை அதை எடுத்துக்கொண்டு போய் மாற்றி வருவாள். அப்படிப்பட்டவனிடம் நீங்கள் சாவியைக் கொடுத்தீர்கள். அன்று சாப்பாடுகூட எனக்கு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மகளை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பி வரும்போது எங்கிருந்தோ டிக் டிக் என்று ஒரு சத்தம். மகள் உடனே, அது, தான் உட்கார்ந்திருக்கும் பக்கத்து சீட் பெல்ட்டின் கொக்கி, கதவில் இடிக்கிறது என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடமே மைதானத்தில் நடக்கும்போது எவன் காலை மாற்றி வைக்கிறான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன காது இது. இது இன்ஜினில் வரும் சத்தம், இன்றைக்கு டிக் என்பது நாளைக்கு நடுரோட்டில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று வீட்டுக்கு வந்ததும் பானட்டைத் திறந்தேன். போனில் ஒரு ஆள் இன்ஜினைச் சுத்தம் செய்யும் வீடியோ கிடைத்தது. அவன் வண்டி வேற கம்பெனி, ஆனா கலர் நம்ம கலர்தான். அவன் செய்ததையெல்லாம் நானும் செய்தேன். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன். அதுகளுக்குக் கரண்ட் கொண்டுபோகும் நாலு தடி ஒயரையும் பிடுங்கி, அத்தையின் பழைய துண்டால் பளபளன்னு துடைச்சு, சுவர் மேல காயப் போட்டேன். போட்டுட்டு ஒரு டீ குடிக்கப் போனேன். அது ஒண்ணுதான் நான் செய்த தப்பு.

திரும்பி வந்து பார்த்தால் எந்த ஒயர் எங்கே இருந்தது என்று சத்தியமாக ஞாபகம் இல்லை. வட்டமா ஒரு மூடி, அதுல நாலு துளை. கையில நாலு ஒயர். வீடியோக்காரன் அந்த இடத்தில் ஏதோ விளம்பரம் காட்டினான். ஒரு நிமிஷம் எனக்கு வேர்த்துவிட்டது. அப்புறம் பார்த்தேன், நாலும் நாலு நீளம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மாப்பிள்ளை. வாழ்நாளெல்லாம் செய்த வேலையை எனக்குப் புதுசா யார் சொல்லித்தர வேண்டும்? குட்டை முன்னால, நெட்டை பின்னால. குட்டை ஒயரை முதல் துளையில் நிறுத்தி, அதைவிடக் கொஞ்சம் உயரமானதை அடுத்ததில் நிறுத்தி, கடைசியில் இருப்பதிலேயே நெட்டையை நிறுத்தி, எட்ட நின்று பார்த்தேன். ஆண்டு விழா அணிவகுப்பு மாதிரி அவ்வளவு அழகு. ஒரு ஸ்க்ரூவும் ஒரு ரப்பர் வளையமும் மட்டும் மீந்தது. அதைத் தங்கள் அத்தை பட்டன் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

சாவியைத் திருப்பினேன். ஓடிச்சுன்னு சொல்ல முடியாது, இருமிச்சுன்னு வேணா சொல்லலாம். வண்டி முழுக்கக் குளிர் ஜுரம் கண்டவன் மாதிரி ஆடி, பின்னால புகைக்குழாய்ல டமார்னு ஒரு வெடி வெடிச்சு நின்னுபோச்சு. கொடியில் காய்ந்த வெள்ளை விரிப்புகள் எல்லாம் பொடிப்பொடியாகக் கரி. மாடி வீட்டுக்காரர் பனியனோடு இறங்கி வந்து எங்கே விபத்து என்று கேட்டார். விபத்து இல்லை, பரிசோதனை என்றேன். சரி, ஒயர் விஷயத்துல தப்பு இருக்க வழியே இல்லை, ஏன்னா அதுதான் வரிசையா நிக்குதே, ஆகவே கோளாறு வேற எங்கேயோன்னு முடிவுகட்டி ஒவ்வொண்ணாத் தேட ஆரம்பித்தேன். பெட்ரோல் கெட்டுப்போயிருக்கும் என்று அதை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றினேன். இருமியது. பேட்டரிக்குத் தெம்பு போதாது என்று கழற்றிக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வந்தேன். முன்னைவிடத் தெம்பாக இருமியது. காற்று வடிகட்டியில் அடைப்பு என்று சோப்புப் போட்டு அலசி வெயிலில் வைத்தேன், அதைக் காற்று தூக்கிக்கொண்டுபோய் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போட்டது. அந்த டிக் டிக் சத்தம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். இன்ஜின் ஓடினால்தானே அது கேட்கும். அந்த வகையில் அந்தக் குறை தீர்ந்தது.

வேறு வழியில்லாமல் தெருக்கோடி மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். தங்களுக்குத் தெரியும், நாம் எல்லோரும் பம்பரம் என்று கூப்பிடுவோமே, அவன்தான். என்னிடம் படித்தவன். ரைட் டர்ன் சொன்னால் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு நிற்பான், அதனால் வந்த பெயர். இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, சொந்த ஷெட், கெட்டுப்போன வண்டிகளை இழுத்து வர ஒரு லாரி எல்லாம் இருக்கிறது, ஆனாலும் என்னைக் கண்டால் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு விறைப்பாக நிற்பான். வந்தான், பானட்டுக்குள் குனிந்தான், என்னமோ சொல்ல வாயெடுத்து, "சார், இந்த ஒயரு..." என்றான். ஒயருக்கு என்ன என்று நான் சாதாரணமாகத்தான் கேட்டேன். "ஒண்ணுமில்ல சார். ரொம்ப அழகா வச்சிருக்கீங்க சார்" என்றான். பெட்ரோல் பம்பாக இருக்குமோ என்றேன். ஆமா சார் என்று அதைக் கழற்றிக் கழுவி மாட்டினான். இருமியது. புகைக்குழாயாக இருக்குமோ என்றேன். ஆமா சார் என்று அதையும் கழற்றினான். ரேடியேட்டரா என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன், நான் சொல்லி முடிப்பதற்குள் அதுவும் தரையில் இருந்தது. ஒவ்வொன்றையும் மாட்டி முடித்து, தேவலையா என்று கேட்டால், வண்டி குலுங்கிக்கொண்டிருக்கும்போதே "கொஞ்சம் தேவலை சார்" என்பான். நாள் போய்க்கொண்டே இருந்தது. நம் காரில் அவன் கழற்றாதது ஸ்டியரிங் மட்டும்தான், அதை நான் கேட்கவில்லை.

மகள் ஒரு நாள் வாசலில் நாற்காலியைப் போட்டுக் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள், கோபமே இல்லாமல், ஆம்புலன்ஸ் நம்பரை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடட்டுமா அப்பா என்று கேட்டாள். கேலி பண்ணியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். அவள் நிஜமாகத்தான் கேட்டாள். எனக்கு அன்றைக்குப் பயம் வந்தது மாப்பிள்ளை. இவ்வளவு நாளும் வீம்புதான். நீங்க கொடுத்தது ஒரே ஒரு வேலை, அதையும் நான் கெடுத்துட்டேன், நேரம் வரும்போது பிள்ளை இந்த நாற்காலியிலேயே உக்காந்து துடிச்சா நான் என்ன செய்வேன்னு நினைச்சு நினைச்சு தண்ணிகூட உள்ளே போகல.

தங்கள் அத்தையும் அதைக் கவனித்திருக்கிறாள். மறுநாள் பம்பரத்தை டீ குடிக்க வா என்று சமையலறைக்குள் கூப்பிட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே தற்செயலாக நின்றுகொண்டிருந்தேன். அவள், "அவர் பக்கத்துல இல்ல, தைரியமாச் சொல்லு, எம் பொண்ணு உசிரு விஷயம்" என்றாள். அவன் குரலைத் தாழ்த்தி, "அம்மா, சார் ஒயரை உயர வரிசையில நிக்க வச்சிருக்காரு. இன்ஜினுக்கு அந்த வரிசை கிடையாதும்மா. ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு, அதுதான் அதோட வரிசை" என்றான். அப்படியென்றால் முதல் நாளே மாற்றி மாட்டியிருக்கலாமே என்று அவள் கேட்டதற்கு அந்தப் பயல் சொன்னதைக் கேளுங்கள். "சார் நிறுத்தின வரிசையை நான் கலைக்கிறதாம்மா?"

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், ஒண்ணுக்கு அடுத்து மூணு நின்னா அது என்ன ஒழுக்கம்? ரெண்டு அப்படி என்ன தப்புப் பண்ணிச்சு, அதைக் கடைசியில தள்ள? போகட்டும். இன்று காலை தங்கள் அத்தை குளிக்கப் போன நேரத்தில் ஒருவருக்கும் தெரியாமல் பானட்டைத் திறந்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு, ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு என்று ஒயர்களை மாற்றி மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு. இன்ஜின் பூனைக்குட்டி போல முனகிக்கொண்டு நின்றது. வெளியே சொல்லக்கூடாது, எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. மகளை ஏற்றிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அவள் சீட் பெல்ட் கொக்கியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். டிக் டிக் சத்தம் சுத்தமாக இல்லை. இன்ஜினைத் துடைத்ததால் போயிருக்கிறது.

பிற்பாடு பம்பரம் வந்தான். பெட்ரோலில் தூசு இருந்தது, நானே கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். ஆமா சார், தூசுதான் சார் என்றான். தங்கள் அத்தை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் இருவருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தாள். இருமவில்லை.

ஆகவே தாங்கள் நிம்மதியாக வேலையைப் பாருங்கள். வண்டி வாசலைப் பார்த்து நிற்கிறது. டாங்க் நிறைய பெட்ரோல். ஆஸ்பத்திரிக்கு வேண்டிய துணிமணியும் ஃப்ளாஸ்க்கும் பையில் தயார். மகளை அழைத்துப்போகும் பொறுப்பு என்னுடையது, அதில் கடுகளவும் பிசகு வராது. தாங்கள் பல்லாண்டு நீடு வாழவும், தங்கள் கப்பல் போகும் கடலெல்லாம் அமைதியாக இருக்கவும், பெற்ற மனசோடு வாழ்த்துகிறேன். தங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் அன்பான விசாரிப்புகள்.

இப்படிக்கு,
தங்கள் நம்பிக்கைக்குரிய மாமனார்

பின்குறிப்பு: இதை ஒட்டி வைத்தேன், தபாலில் போடவில்லை. அதற்குள் நிறைய நடந்துவிட்டதால் பிரித்து எழுதுகிறேன். மத்தியானம் மகளுக்கு வலி வந்துவிட்டது. வண்டியைப் பற்றி மேலே எழுதியதில் மாற்றம் எதுவும் இல்லை, என்னைப் பற்றி எழுதியதில்தான் கொஞ்சம் இருக்கிறது. ஏறுங்க ஏறுங்கன்னு சொல்லிட்டு நான் போய் ஸ்டியரிங்ல உக்காந்தேன். ஒரே திருப்புல ஸ்டார்ட். பின்கதவு டப்னு சாத்துற சத்தம் கேட்டுச்சு, கிளம்பிட்டேன். மாப்பிள்ளை, வண்டி ஓடின அழகை என்னன்னு சொல்லுவேன். ஒரு இருமல் இல்ல, ஒரு குலுக்கல் இல்ல, மேட்டுல ஏறும்போதுகூட மூச்சு வாங்கல. நான் முழுக்க இன்ஜினையேதான் கேட்டுக்கிட்டு வந்தேன். பின்னால பையிலே என் போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக்கூடாதுன்னு எடுக்கல. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, சக்கர நாற்காலியோடு நர்ஸைக் கூப்பிட்டு, பிள்ளை ரொம்பத் தைரியசாலி, வழியெல்லாம் ஒரு சத்தமும் போடவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தேன். பையும் ஃப்ளாஸ்க்கும் இருந்தன.

அத்தை பையை மட்டும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, மகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவர வீட்டுக்குள் திரும்பிப் போயிருக்கிறாள். வண்டியைத் திருப்பலாம் என்று பார்ப்பதற்குள் பம்பரத்தின் லாரி வந்து நின்றது. டிரைவர் பக்கத்து சீட்டில் மகள், அவளைத் தாங்கிப் பிடித்தபடி தங்கள் அத்தை. மகள் அந்த வலியிலும் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம், குழந்தைக்குத் தங்கள் மூக்கு.

அத்தை இன்னும் என்னோடு பேசவில்லை. நான் தாழ்வாரத்தில் பம்பரத்தைத் தனியாகக் கூப்பிட்டு, உண்மையைச் சொல்லுடா, பெத்த பொண்ணையே விட்டுட்டு வந்துட்டேன்ல என்று கேட்டேன். அவன் விறைப்பாக நின்று, "இல்ல சார். நீங்க முன்னாடியே போய் இடம் பிடிச்சு வச்சீங்க சார்" என்றான். யாராவது கேட்டால் தாங்களும் அப்படியே சொல்லவும்.