கான்கிரீட் மிக்ஸருக்குள் மாமனாரின் டேங்க்

மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். லட்சக்கணக்கான நட்டு போல்ட்டுகளை வாங்க இந்தக் கை கையெழுத்துப் போட்டிருக்கிறது. ஒன்றைக்கூட முடுக்கியதில்லை. ஆனாலும் ஒரு பொருளின் விலை, எடை, வரி எல்லாம் அத்துப்படியானவனுக்கு அந்தப் பொருளே அத்துப்படியாகிவிட்டது போல ஒரு மயக்கம் வரும். (சமையல் புத்தகம் படிக்கிற ஆண்களுக்கும் வரும்.) அந்த மயக்கத்தில்தான் போன வருஷம் என் மாமனாரின் மோட்டார் சைக்கிளில் கை வைத்தேன்.

மாமனாருக்குச் சொந்த ஊர் மார்டள்ளி, ஹனூர் பக்கத்துத் தமிழ்க் கிராமம். வாலிபத்தில் மைசூருக்கு வந்து, இங்கே இருந்த மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவில் சேர்ந்தவர். டேங்கின் இரு பக்கமும் தங்க நிறத்தில் ஒரு மெல்லிய கோடு வளைந்து போகுமே, அதைப் போடுவதுதான் அவர் வேலை. அளவுகோல் கிடையாது, டேப் கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் ஒரே இழுப்பு. தொழிற்சாலை மூடி வெகு காலமாகிவிட்டது. அங்கே வாங்கிய ஒரு வண்டி மட்டும் அவரிடம் இருக்கிறது. இரட்டை சைலன்சர், உதைக்கிற கம்பியையே மடக்கினால் கியர் கம்பியாகிவிடும். கருஞ்சிவப்பு டேங்கில் அவர் கையாலேயே போட்ட கோடு.

மாமியார் போன பிறகு அவர் எங்களோடுதான் இருக்கிறார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வண்டியைத் தொட எனக்கு ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் அனுமதி கிடைத்திருக்கிறது. வண்டி நின்றுபோனால் பின்னாலிருந்து தள்ள.

"இன்னுங் கொஞ்சம் வேகமாத் தள்ளுங்க மாப்ள. சோறு திங்கிறீங்கல்ல?"

வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய தொழிலாளிகள் எல்லாரும் அவரவர் வண்டியோடு ஒரு மைதானத்தில் கூடுவார்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மாமா போகும்போது பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. டேங்குக்குள் பிடித்திருந்த துரு உதிர்ந்து பெட்ரோல் குழாயை அடைத்துக்கொண்டது. கணக்கெடுப்பு என்று அந்த ஞாயிறும் நான் அலுவலகத்தில். தள்ளவும் ஆளில்லை. கடைசியில் லக்கேஜ் ஆட்டோவில் வண்டியை ஏற்றிக்கொண்டு போய் இறங்கியிருக்கிறார், அத்தனை சகாக்கள் பார்க்க. அன்றைக்கு வீட்டில் சாப்பிடவில்லை.

போன வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்து நாள் முன்னால் மாரியம்மன் திருவிழாவுக்காக மார்டள்ளிக்குக் கிளம்பினார். சனிக்கிழமை திரும்புவதாக ஏற்பாடு. வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "தூசி மட்டும் தட்டி வெய்ங்க. வேற எதையும் தொட்டுப்போடாதீங்க."

பஸ் ஹெப்பாள் தாண்டியிருக்காது. நான் ஸ்பானரை எடுத்துவிட்டேன்.

என் திட்டம் நியாயமானது. வெளிப்பக்கம் தொடப்போவதில்லை. டேங்கைக் கழற்றி, உள்ளே இருக்கும் துருவை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடுவது. ஞாயிறன்று மாமா ஒரே உதையில் கிளம்புவார், மைதானம் வரை நிற்காமல் போவார், திரும்பி வந்து என் தோளைத் தட்டுவார். (அவர் யார் தோளையும் தட்டி நான் பார்த்ததில்லை. முதல் தோள் என்னுடையதாக இருக்கட்டுமே.)

பெட்ரோலை வடித்து, டேங்கை இரண்டு நாள் காயவைத்தேன். பித்தளைச் சொம்புக்கு ஆகிற புளி, இரும்புக்கு ஆகாதா என்று அரைக் கிலோ புளியைக் கரைத்து உள்ளே ஊற்றி ஊறவிட்டேன். வீடெல்லாம் ரச வாசனை. துருவுக்குப் பசி எடுத்ததே தவிர வேறு மாற்றமில்லை. பிறகு ஒரு வீடியோவில் சொன்னபடி சின்ன நட்டுகளையும் பொடி ஜல்லியையும் டேங்குக்குள் போட்டு மூடிக் குலுக்கினேன். கால் மணி நேரத்தில் வலது தோள் பிடித்துக்கொண்டது. அதே வீடியோவில் அடுத்து வந்த வெள்ளைக்காரர் டேங்கைக் கம்பளியில் சுற்றி, சிமெண்ட் கலக்கும் இயந்திரத்துக்குள் வைத்துச் சுழலவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் குடும்பத்தில் டாக்டர் கிடையாது, வக்கீல் கிடையாது. கான்கிரீட் மிக்ஸர் இருக்கிறது. என் மனைவி ஜோதிக்குச் சித்தப்பா மகன் மாதேஷ், கட்டட மேஸ்திரி. ரிங் ரோடு தாண்டி ஒரு வீட்டுக்கு அஸ்திவார வேலை நடத்திக்கொண்டிருந்தான். போன் போட்டேன்.

"அட, அதுக்கென்னுங்க மாமா. புதன்கிழமை கொண்டாங்க. கான்கிரீட் பதினோரு மணிக்குத்தான். அதுவரைக்கும் மிசினு சும்மாதான் நிக்குது" என்றான்.

அலுவலகத்துக்கு லீவு சொன்னேன். எங்கள் வீட்டில் கம்பளி இல்லை. அலமாரியில் கல்யாணச் சீரில் வந்த பவானி ஜமக்காளம் இருந்தது. ஜோதி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அதை எடுத்து டேங்கை நாலு சுற்று சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். பெயிண்டில் கீறல் விழக்கூடாதே! மாதேஷ் மூட்டையை மிக்ஸருக்குள் இறக்கி, அசையாமல் இருக்க வெறும் சிமெண்ட் சாக்குகளைச் சுற்றிலும் திணித்து மோட்டாரை ஓடவிட்டான். உள்ளே கடகடவென்று ஜல்லி உருளும் சத்தம். இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் கேட்காத சங்கீதம்.

"அரை மணி ஓடட்டுங்க மாமா. வாங்க, ஒரு பை-டூ காபி குடிச்சுட்டு வரலாம்."

அந்த ஒரு காபியை இரண்டாகப் பிரித்துக் குடித்ததுதான் என் வீழ்ச்சி.

நாங்கள் எதிர்ச் சாரியில் டம்ளரை ஆற்றிக்கொண்டிருந்தபோது, வேறு சைட்டிலிருந்து வேலையாட்கள் டெம்போவில் வந்து இறங்கியிருக்கிறார்கள். பாதிப் பேர் ராய்ச்சூர் பக்கம், பாதிப் பேர் ஹனூர் பக்கம். சீக்கிரமே வந்துவிட்டார்கள், ஆனால் அவர்களுக்கு அது தெரியாது. மிக்ஸர் ஓடிக்கொண்டிருந்தது. மிக்ஸர் ஓடினால் நாம் தாமதம், மேஸ்திரி கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். ஒருவர் மூட்டை சிமெண்டைக் கொட்டினார். ஒருவர் மணல். ஒருவர் ஜல்லி. ஒருவர் தண்ணீர். உள்ளே ஏற்கெனவே என்ன சுற்றுகிறது என்று எட்டிப் பார்ப்பது யாருடைய வேலையும் அல்ல. (எங்கள் அலுவலகமும் இப்படித்தான் நடக்கிறது.)

நாங்கள் சாலையைக் கடக்கும்போது மிக்ஸரைச் சாய்த்துத் தூண் குழிக்குள் கான்கிரீட்டைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் கொட்டியது. அடைத்துக்கொண்டது. ஒருவர் கம்பியால் குத்தினார். அப்புறம் தொப்பென்று, கயிறு கட்டிய ஒரு நீள மூட்டை, ஜமக்காள ஓரம் தொங்க, குழிக்குள் விழுந்தது.

பிறகு ஒரு பெண் அலறினாள்: "அய்யய்யோ! பாடி!"

"ஹெண! ஹெண!" என்று ராய்ச்சூர்க்காரர்கள் கன்னடத்தில் அதையே சொல்லிக்கொண்டு ஓடினார்கள்.

அடுத்து நான் செய்ததற்கு இன்றுவரை விளக்கம் கிடைக்கவில்லை. ஐம்பத்தொரு வயது மனிதன், இஸ்திரி போட்ட சட்டையோடு குழிக்குள் குதித்தேன். முழங்கால் வரை கான்கிரீட். மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, "மாமா! ஐயோ மாமா! என்னை மன்னிச்சிருங்க மாமா!" என்று கதறினேன். ஆள் போனால் கூட அப்படி ஓர் ஒப்பாரி வராது. குழிக்கு மேலே பதினோரு பேர். அதில் சிலர் கைகூப்பிக் கும்பிட்டார்கள். ஹனூர்ப் பையன் ஒருத்தன் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றான். அப்போது அதை நான் பொருட்படுத்தவில்லை.

மாதேஷ்தான் நிதானத்துக்கு வந்தான். "டேய், அது பாடி இல்லடா, பெட்ரோல் டேங்கு! தண்ணி மோட்டாரப் போடுங்கடா! மாமா, அழுவறத நிறுத்திப்போட்டு மேல தூக்குங்க. இறுகிப்போச்சுன்னா தூணோட சேத்துக் கட்டிப்போட வேண்டியதுதான்!"

பைப்பைப் பிடித்துக் கழுவோ கழுவென்று கழுவினோம். கயிற்றை அறுத்து ஜமக்காளத்தை உரித்தோம். சொன்னால் நம்பமாட்டீர்கள்: டேங்கில் ஒரு நெளிசல் இல்லை. மூடியைத் திறந்து ஜல்லியைக் கொட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே புது எவர்சில்வர் தூக்கு போலப் பளபளவென்று இருந்தது. துரு போயே போய்விட்டது! வாழ்க்கையில் முதல் முறையாக நான் செய்த ஒரு ரிப்பேர் வெற்றி.

டேங்கைத் திருப்பினேன். இடது பக்கத்தில், துணி விலகியிருந்த இடத்தில், தங்கக் கோடு நாலு விரல் நீளத்துக்கு இல்லை.

மூன்று நாள் இருந்தது. ஸ்டேஷனரி கடையில் தங்க நிறப் பெயிண்டும், இருப்பதிலேயே மெல்லிய பிரஷ்ஷும் வாங்கினேன். நாலு விரல் கோடு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். முதல் கோடு மேலே ஏறியது. தின்னர் தொட்டு அழித்தேன். அழிக்கும்போது அசல் கோட்டில் இன்னும் ஒரு விரல் கூடவே போனது. இரண்டாவது கோடு கீழே இறங்கியது. அழித்தேன். இன்னும் இரண்டு விரல். டேப் ஒட்டிப் போட்டேன். டேப்பை உரித்தபோது கோடும் அதோடு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு விரல் ஒரு சாண் ஆகியிருந்தது. கடைசியாக மாமாவைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தேன். மூச்சு முடிந்த இடத்தில் கோடு ஒரு சின்ன வலிப்பு கண்டு, பிறகு சமாளித்துக்கொண்டு அசல் கோட்டோடு போய்ச் சேர்ந்தது. அதற்கு மேல் அழித்தால் டேங்க்கே மிஞ்சாது என்று அப்படியே வண்டியில் மாட்டிவிட்டேன்.

ஜோதி அந்த மூன்று நாளும் காபி கொடுக்கும்போதெல்லாம் என் விரல் நுனியில் இருந்த தங்கத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. என்ன நல்ல மனைவி என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் மாமா வந்தார். பையைக் கூட உள்ளே வைக்கவில்லை. நேராக வண்டியிடம் போய், இடது பக்கமாகக் குந்தினார். (வலது பக்கம் ஏன் போகவில்லை என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.)

"மாப்ள, இந்தக் கோடு கொஞ்சம் வேற மாதிரி இருக்குதுங்களே?"

நான் தயாராக இருந்தேன். "வெயில், மாமா. இந்த வருஷம் மைசூர்ல வெயில் ஜாஸ்தி. பெயிண்ட் இளகி, கோடு லேசா நகர்ந்திருக்கு."

"அப்படிங்களா. வெயில்ல கோடு நகருமுங்களா?"

"தங்கக் கலர் மட்டும் நகரும். உலோகத் துகள் இருக்கு பாருங்க, அது விரியும். படிச்சிருக்கேன்."

"எதுல படிச்சீங்க?"

"இங்கிலீஷ்ல."

"ஓஹோ. அப்ப வலது பக்கம் ஏன் நகரலைங்க?"

"அந்தப் பக்கம் நிழல், மாமா."

பின்னால் ஜோதி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "ஹௌதா? நெஜமாவா? வெயில்லயா?" என்று கேட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். மாமா சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். நிதானமாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு வீடியோவைத் தட்டி என் பக்கம் திருப்பினார்.

நான் குழிக்குள் நின்றுகொண்டிருந்தேன். சிமெண்ட் அப்பிய மூட்டையைக் கட்டிக்கொண்டு கதறிக்கொண்டிருந்தேன்.

அந்த ஹனூர்ப் பையனுக்கு அத்தை வீடு மார்டள்ளியாம். நாங்கள் டேங்கைக் கழுவி முடிக்கும் முன்பே வீடியோ ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. உறவுக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் அது புதன்கிழமையே வந்திருக்கிறது. (மாப்பிள்ளைகளை அதில் சேர்ப்பதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.) ஜோதியும் அன்றைக்கே பார்த்துவிட்டாள். "சொல்லாத, மாப்ள என்ன கதை சொல்றாருன்னு பாப்போம்" என்று அவளிடம் போனில் சொன்னவர் மாமாதான். திருவிழாவில் கரகாட்டத்துக்கு அப்புறம் கூட்டம் அதிகம் பார்த்தது இதைத்தானாம்.

இருபத்திரண்டு வருஷமாகச் சேர்த்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் அந்தக் குழியிலேயே போயிற்று என்று தலை குனிந்து நின்றேன்.

"மன்னிச்சிருங்க மாமா. நாளைக்கு வண்டி நிக்கக் கூடாதுன்னுதான்..."

அவர் இன்னொரு முறை வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, அத்தனை வருஷத்தில் முதல் முறையாக, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் உசுரோட இருக்கிறப்பவே எனக்கு இப்படி அழுதுட்டீங்க. நாளைக்கு நெஜமாவே போனா என்ன அழுகை அழுவீங்களோன்னு ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க மாப்ள. எங்க பெரியம்மா சொல்லிச்சு, 'ராசா, நீ குடுத்து வெச்சவன்டா'ன்னு."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கோட்டை அழித்து அவரே போட்டுவிடலாமே என்றேன். அவர் வலது கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் லேசாக ஆடின.

"இப்ப நான் போட்டாலும் இப்படித்தாங்க வரும். இருக்கட்டும் விடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி ஒரே உதையில் கிளம்பியது. "ஏறுங்க" என்றார். தள்ளுவதற்குத்தான் பின்னால் போயிருந்தேன். பின் ஸீட்டில் உட்கார்த்தி வைத்துக் கூட்டிப்போனார். வழியில் ஒரு தடவை கூட நிற்கவில்லை. மைதானத்தில் அவருடைய சகாக்கள் ஒவ்வொருவராக வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இடது பக்கக் கோட்டைக் குனிந்து பார்த்தார்கள். "எங்க மாப்ள போட்டது" என்று மாமா ஒவ்வொருவரிடமும் சொன்னார். அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தெரியுது" என்றார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்தது இன்னும் ஓயவில்லை. உறவில் யார் வீட்டில் துக்கம் என்றாலும், நான் மாலையோடு உள்ளே நுழைந்ததும் ஒரு மூலையிலிருந்து குரல் வரும்: "மாமா, டேங்குக்கு அழுத அளவாச்சும் அழுதுட்டுப் போங்க." துக்க வீடே சிரித்துவிடும். மாமாவுக்கோ இப்போதெல்லாம் என் உடம்பைப் பற்றித்தான் கவலை. போன வாரம் எனக்கு ஜலதோஷம் பிடித்துக் குரல் கட்டிக்கொண்டது. மிளகும் சுக்கும் தட்டிப் போட்டு அவரே கஷாயம் வைத்துக் கொண்டுவந்து என் முன்னால் நின்றார்.

"சூட்டோட குடிச்சுப்போடுங்க மாப்ள. எனக்கும் வயசாச்சு. தொண்டையைக் கெடுத்து வெச்சுக்காதீங்க."