கசிவு ஆய்வாளர் வீட்டுத் தொட்டி

மீன்தொட்டியின் இடது மூலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைக் கசிவு ஆய்வாளர் மண்டியிட்டுப் பார்த்தார். குடிநீர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக ஊராரின் குழாய்க் கசிவுகளைக் கண்டுபிடிப்பவர். தன் வீட்டு ஹாலிலேயே ஒன்று கிளம்பியது அவருக்கு மானப் பிரச்சினை.

மானத்தைவிடப் பெரிய பிரச்சினை மனைவி. அந்த ஆறடித் தொட்டி வந்த நாளிலிருந்து ஹாலின் மரத்தரைக்கு அவள்தான் காவல். இரண்டு நாள் தங்கை வீட்டுக்குக் கிளம்பியபோதுகூட, செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"நான் வரும்போது ஒரே ஒரு பலகை உப்பியிருந்தாலும், தொட்டியும் மீனும் அன்னைக்கே வெளியே. சும்மா மிரட்டறேன்னு நினைக்காதீங்க."

அவள் எதையும் சும்மா சொல்வதில்லை என்பது பதினெட்டு வருட அனுபவம். இன்று நாலு மணிக்கு வருகிறாள்.

தொட்டியில் இருந்தது ஒரே மீன். முழங்கை நீளம், கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள், செல்லப்பெயர் மாப்பிள்ளை. ஏழு வருடமாகத் தன் முகம் அதற்குத் தெரியும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஆய்வாளர் சொல்வார். மாலையில் அது கண்ணாடியோரம் ஓடி வந்து நின்றால்தான் அவருக்குக் காபியே இறங்கும்.

"பயப்படாதடா மாப்பிள்ளை, மாமா இருக்கேன்ல?"

வேறு யாராக இருந்தாலும் மூலையில் கொஞ்சம் பசையைத் தடவியிருப்பார்கள். இவர் முறைப்படி போனார். குழாய் ஓட்டையைக் கண்டுபிடிக்க அலுவலகத்தில் ஒரு பச்சைச் சாயப்பொடி உண்டு. உயிருக்கு ஒன்றும் செய்யாது. ஒரு தெருவுக்கு ஒரு சிட்டிகை போதும். மூக்குக்கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு ஒரு ஸ்பூன் போட்டார்.

ஐந்து நிமிடத்தில் கசிவு துல்லியமாகத் தெரிந்தது. ஏற்கெனவே தெரிந்த அதே இடது மூலை. மாப்பிள்ளைதான் தெரியவில்லை. கீழே மூன்று பலகைகள் பச்சையாகியிருந்தன.

துழாவிப் பிடித்து மாப்பிள்ளையைக் குளியலறை வாளியில் விட்டார். தொட்டியைக் காலி செய்ய ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். முதல் மடக்கு வயிற்றுக்குப் போனது. மீதி ஒழுங்காகக் குளியலறைக்குப் போகத் தொடங்கியபோது ஃபோன் அடித்தது.

"சார், எங்க ஸ்கூல் மாடியில எங்கேயோ தண்ணி கசியுது. எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்றார் ஓர் ஆசிரியை.

தொழில் விஷயம் என்றால் ஆய்வாளருக்குத் தலைகால் புரியாது. ஜன்னலோரம் நின்று கால் மணி நேரம் வகுப்பெடுத்தார்.

"முக்கியமா ஒண்ணு மேடம். தண்ணி ஓடற இடத்தைவிட்டு நகரவே கூடாது. நகர்ந்தீங்க, போச்சு."

திரும்பினார். குழாய் எப்போதோ நழுவி ஹாலுக்கே வந்து படுத்திருந்தது. ஹால் பச்சைப் பசேலென்று நாற்று நடத் தயாராக இருந்தது.

துடைத்தார். துடைக்கத் துடைக்கச் சாயம் பாக்கியிருந்த இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஹேர் டிரையரைப் பிடித்தார். ஒரு பலகை தலைதூக்கியது; அதைப் பார்த்து அக்கம்பக்கத்துப் பலகைகளுக்கும் துணிச்சல் வந்தது. அமுக்கி வைக்கப் படுக்கையறை பீரோவை இழுத்து வந்து நிறுத்தினார். பலகைகள் அமுங்கியது உண்மை. பீரோ வந்த வழியெல்லாம் நாலு கோடு விழுந்ததும் உண்மை.

வேறு வழியில்லாமல் மனைவியின் டைரியில் 'தரைக்காரர்' என்றிருந்த எண்ணைக் கூப்பிட்டார். தரைக்காரரின் மனைவி எடுத்தார்.

"மீன்தொட்டி வீடா? விலாசம் வேண்டாம், அவருக்குத் தெரியும். உடனே அனுப்பறேன்."

தன் தொட்டியின் புகழ் இவ்வளவு தூரம் பரவியிருக்கிறதே என்று, அந்த நிலைமையிலும் அவருக்கு ஒரு பெருமை.

ஆனால் முதலில் வந்தது மனைவி, மூன்றரைக்கே. பெட்டியைக் கீழே வைக்காமல் தரையைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள், புருஷனின் பச்சைப் பல்லைப் பார்த்தாள்.

"மீன் எங்கே?"

"வாளியில இருக்கான். என்னை எவ்வளவு வேணா திட்டு. அவனை மட்டும் அனுப்பிடாதே. ஏழு வருஷம்... என் முகத்தைப் பார்க்காம அவன் சாப்பிடவே மாட்டான்." சொல்லும்போது நிஜமாகவே குரல் உடைந்தது.

அவள் முகம் ஒரு கணம் என்னவோபோல் ஆனது. உடனே சமாளித்துக்கொண்டாள்.

"பேச்சுன்னா பேச்சுதான். எடுத்துட்டு வாங்க. கடையில திருப்பிக் கொடுத்துடலாம்."

ஆய்வாளர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு குளியலறைக்குள் போய் வாளியைத் தூக்கினார். அதற்குள் தரைக்காரர் கருவிப் பையோடு ஹாலுக்குள் வந்துவிட்டார். காலித் தொட்டியையும், பச்சைத் தரையில் தனியாக நின்ற வீட்டுக்கார அம்மாவையும் பார்த்தார். அவள் வேகவேகமாகக் கண்ணைக் காட்டியது அவருக்குப் புரியவில்லை.

"மறுபடியும் தண்ணியைக் கொட்டி மீனைச் சாகடிச்சுட்டீங்களாம்மா? தரையை அப்புறம் பார்க்கலாம். போன தடவை மாதிரியே, சார் ஆபீஸ்லேர்ந்து வர்றதுக்குள்ள அதே சாடையில இன்னொரு மீனை வாங்கிப் போட்டுடுவோம்!"